இங்க ஆடியிலதான் பனி

மெல்போர்ன்,
ஆடி 12

அன்புள்ள ஆச்சிக்கு,

நாங்க எல்லாரும் சுகம். உங்க கால்வலி எப்படி இருக்கு? தம்பியை நடுவுல தாவாம வாசிக்கச் சொல்லுங்க. அந்த மூதி பாதியை முழுங்கிருவான்.

அங்க சாரல் விழுந்துக்கிட்டு இருக்கும். இங்க ஆடின்னா நடுக்குளிர்காலம். சில நாள் காலையில கார் கண்ணாடியில உப்புத்தூள் மாதிரி பனி உறைஞ்சு கிடக்கும், சுரண்டிட்டுத்தான் வண்டியை எடுக்கணும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்"னு சொல்வீங்களே, இந்த ஊருக்கு அது அப்படியே தலைகீழ். தையில சில நாள் வெயில் 40 டிகிரியைத் தாண்டிரும். மச்சைத் துளைக்கிறது வெக்கைதான். திடீர்னு தெக்க இருந்து காத்து திரும்பும். அன்னைக்கே ஸ்வெட்டரைத் தேடி ஓடணும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை"யும் இங்க செல்லாது. இப்பத் தக்காளி போட்டா நாத்து விறைச்சே செத்துப்போகும். இந்த ஊர்ப் பெரியவங்களுக்கு வேற கணக்கு. நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் கப்னு ஒரு குதிரைப் பந்தயம், ஊருக்கே லீவு. அதுக்குள்ள தக்காளி நாத்தை மண்ணுல வச்சிரணுமாம். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரத் தாத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னாரு. உங்க அதட்டலேதான் ஆச்சி! நம்ம கணக்குல பாத்தா அது ஐப்பசிப் பட்டம்.

காசு விஷயத்துல மட்டும் நீங்க சொன்னது இங்கயும் நிக்குது. வாடகையை வாரக் கணக்குலதான் பேசுவாங்க. மாசத்துக்கு நாலு வாரம்னு பெருக்கினா 48 தான் வரும், வருஷத்துக்கு 52 வாரம் கட்டணும். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு"ன்னு உங்க பேத்தி மாப்பிள்ளை ஃப்ரிஜ் மேல எழுதியே ஒட்டிட்டாரு.

பெரிய கூத்து உங்க கொள்ளுப்பேரன்தான். அடுத்த தெருவுல இருக்கிற யாழ்ப்பாணத்து அம்மம்மாதான் பள்ளிக்கூடம் விட்டதும் அவனைப் பாத்துக்கிறாங்க. அவங்க சீக்கிரம் வாங்கிறதை "கெதியா வா", நல்லா சாப்பிடுங்கிறதை "வடிவா சாப்பிடு"ம்பாங்க. நான் நம்ம ஊரு மாதிரி மெதுவாங்கிறதுக்குப் "பைய", பைத்தியத்துக்குக் "கோட்டி"ன்னு பேசுதேன். நேத்து கார்ல பையன் அவங்க அப்பாகிட்ட, "பைய போங்கப்பா"ன்னான். அடுத்த நிமிஷமே, "இல்ல, கெதியா போங்க, மணி அடிச்சிரும்"ங்கான். அம்மம்மாவும் இப்ப என்னைப் பாத்து, "உமக்கென்ன கோட்டியோ?"ன்னு கேக்காங்க.

"வாரியல்" மட்டும் அவன் வாயில நிக்க மாட்டேங்கு. வீட்டுல ஓடுறது வாக்யூம் க்ளீனர், வாரியலை எங்க போய்க் காட்ட? வாரியல், அங்கணம், தார்சான்னு ஒவ்வொண்ணா தம்பியை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பேசுறது உங்க குரலா இருக்கணும், அவன் குரல் வேண்டாம்.

புரட்டாசி நடுவுல இங்க கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளிருவாங்க. அப்புறம் நான் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டா அங்க மத்தியானம் ரெண்டரைதான் ஆகியிருக்கும். நீங்க கண்ணசந்திருந்தா எந்திரிக்க வேண்டாம், பொறவு கூப்பிடுதேன்.

உங்க பேத்தி