எலெக்டிவ் தாளோடு உட்கார்ந்திருக்கும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். ஹைஸ்கூலில் அடுத்த வருஷத்துக்கான எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் தாள் எல்லார் வீட்டுக்கும் வந்திருக்கும். போன ஞாயிறு தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றபோதும் இதே பேச்சுதான். “உட் ஷாப்பா? அதெல்லாம் படிப்பு வராத பசங்க எடுக்கிறது” என்று மரவேலை வகுப்பைப் பற்றிச் சொன்னார் ஒருவர். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் என் மூத்தவனிடம் இதே வாக்கியத்தைச் சொல்லி, அவன் போட்டிருந்த டிக்கை அழிக்க வைத்தவன் நான். அன்று வாசலில் வாயைத் திறக்காததற்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு நாற்காலிக் கதை. எங்கள் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றின் கால் ஆட ஆரம்பித்தது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். இயந்திரங்களின் அதிர்வைக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன். என்ன செய்தேன்? குப்பை வண்டி வரும் நாளில் நாற்காலியைத் தெருவோரம் வைத்தேன். எதிர்வீட்டுப் பெரியவர், எண்பதைத் தாண்டியவர், அதைத் தன் கராஜுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பழைய பசையைச் சுரண்டி, துளையில் புது மரமுளை இறக்கி, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, மறுநாள் கொண்டுவந்து வைத்தார். அவர் தச்சர் இல்லை. முழு வாழ்க்கையும் பல் டாக்டராக இருந்தவர். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பில் என்றார்.

அப்புறம் அவரும் அவர் மனைவியும் தங்கள் 1957ஆம் வருஷப் பள்ளி ஆண்டு மலரை எடுத்துக் காட்டினார்கள். இருவரும் இண்டியானாவில் ஒரே ஊர், ஒரே வகுப்பு. மருத்துவம் படிக்கப் போகிற பையன் என்று அவருக்கு லத்தீன், அல்ஜீப்ரா, வேதியியல் எல்லாம் இருந்தன. கூடவே மரவேலை, உலோகவேலை, பொருள்களை அளவோடு வரையும் மெக்கானிக்கல் டிராயிங். இழைப்புளி தள்ளவும் மூலைமட்டம் வைத்துப் பார்க்கவும் கற்ற பிறகு பறவைக்கூடு, புத்தகத் தாங்கி, மேசை விளக்கு. உலோகவேலை வகுப்பில் ஆஷ் டிரே! பதினான்கு வயதுப் பையன் மார்க்குக்காக அப்பாவுக்கு ஆஷ் டிரே செய்து கொடுத்த காலம் அது. இன்று செய்தால் பிரின்சிபாலிடமிருந்து போன் வரும்.

பெண் பிள்ளைகளுக்கு ஹோம் எகனாமிக்ஸ், அதாவது மனையியல். தையலில் முதல் வேலை ஏப்ரன், பிறகு பாவாடை. சமையலறையில் வெள்ளை சாஸ், பழங்களைப் பாட்டிலில் அடைப்பது, குடும்ப வரவுசெலவு எழுதுவது. அதோடு எழுத்துகள் தெரியாதபடி மூடிய தட்டச்சு விசைகள், கிரெக் சுருக்கெழுத்து. அந்த அம்மா இன்றும் என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்கிறார். நான் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் நான்கு விரலோடு காலம் தள்ளுகிறேன். பண்ணை வீட்டுப் பையன்களுக்கு விவசாயப் பாடம். ஒரு கன்றை வளர்த்து, தீவனத்துக்கு ஆன செலவைப் பைசா சுத்தமாக நோட்டில் எழுத வேண்டும். நீல நிறக் கார்டுராய் ஜாக்கெட் போட்டு நிற்கும் ‘ஃபியூச்சர் ஃபார்மர்ஸ்’ என்ற விவசாய மாணவர் சங்கத்துப் பையன்கள் அந்த மலரில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறார்கள்.

இதெல்லாம் எப்படிப் பள்ளிக்குள் வந்தது? 1900இல் அமெரிக்காவில் நூறு பேரில் ஆறு பேர்தான் ஹைஸ்கூலை முடித்தார்கள். 1940இல் அது பாதியைத் தொட்டது. கல்லூரிக்குப் போகிற சிலருக்கென்று இருந்த கட்டடத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். 1917இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் விவசாயம், தொழில், மனையியல் மூன்றையும் கற்றுத்தர மத்திய அரசின் பணத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பணத்தில் நடந்த தொழில் வகுப்புகளில் பாதி நேரமாவது கைவேலை இருக்க வேண்டும் என்பது விதி. அது வேலைக்குப் போகிறவர்களுக்கான பயிற்சி. நம் பல் டாக்டர் எடுத்தது அது இல்லை. ‘இண்டஸ்ட்ரியல் ஆர்ட்ஸ்’ என்பது வேறு. யாராக இருந்தாலும் பொருள்கள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்திருக்கட்டும் என்று வைத்த பாடம். நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

சரி, அந்தக் காலம் பொற்காலமா? இல்லவே இல்லை. அந்த அம்மாவுக்கு மெக்கானிக்கல் டிராயிங் எடுக்க ஆசை. பையன்களுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். 1972இல் பள்ளிகளில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடை செய்யும் டைட்டில் 9 சட்டம் வரும்வரை இதைத் தட்டிக் கேட்க வழியில்லை. 1945இல் சார்ல்ஸ் பிராசர் என்ற கல்வியாளர், மாணவர்களில் 20 சதவீதம் கல்லூரிக்கு, 20 சதவீதம் தேர்ந்த தொழிலுக்கு, மீதி 60 சதவீதத்துக்கு ‘வாழ்க்கைக்கு ஒத்துப்போகும்’ படிப்பு போதும் என்றார். அந்த அறுபதில் யாரைத் தள்ளினார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். எங்களைக் கல்லூரிக்கு அனுப்பாமல் கைத்தொழில் சொல்லித்தரும் ஷாப் வகுப்புகளுக்கே ஒதுக்குகிறீர்கள் என்பது அவர்களுடைய முக்கியமான புகார்களில் ஒன்று.

இந்த இடத்தில் நம் தயக்கமும் எனக்குப் புரிகிறது. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார், 1954இல் காமராஜர் வந்து அதை நீக்கினார். நம் தாத்தா பாட்டிகள் எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். ‘பள்ளியில் கைத்தொழில்’ என்றதும் நமக்கு உள்ளுக்குள் ஒரு மணி அடிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அன்று அது பிறப்பைப் பார்த்துத் திணித்தது. இன்று உங்கள் மகள் கேட்பது அவளாக விரும்பி, கால்குலஸோடு சேர்த்து, ஒரு பீரியட். இரண்டும் ஒன்றா?

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டு விலையைப் பார்க்காமல் பள்ளிக்காகவே கூப்பர்டினோவுக்குக் குடிபோகிறீர்கள். அங்கே ஹோம்ஸ்டெட் ஹைஸ்கூலில் 1960களில் ஜான் மக்காலம் என்ற ஆசிரியர் எலக்ட்ரானிக்ஸ் எடுத்தார். கையில் கருவி பிடிக்கிற எலெக்டிவ் வகுப்பு அது. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் அதில் படித்தவர். பள்ளியில் கம்ப்யூட்டர் இல்லாததால் வாரம் ஒருமுறை சில்வேனியா நிறுவனத்துக்குப் போய் புரோகிராம் எழுத ஏற்பாடு செய்து கொடுத்தவர் அந்த ஆசிரியர். பின்னால் அவரோடு ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸும் அதே வகுப்பில் உட்கார்ந்தார். நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போடும் கம்ப்யூட்டர் துறை அப்படிப்பட்ட வகுப்பறைகளிலும் கொஞ்சம் பிறந்தது.

இனி ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி. உங்கள் உண்மையான கவலை இதுதான், எனக்கும் இதுதான் இருந்தது. கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி பாடத்தில் ஏ வாங்கினால் 5, உட் ஷாப்பில் ஏ வாங்கினால் 4 என்று கணக்கிடும் பள்ளியில் பிள்ளையின் சராசரி இறங்கத்தான் செய்யும். எவ்வளவு? 24 பாடங்களில் 4.5 வைத்திருக்கும் பிள்ளை இதையும் எடுத்தால் 4.48. இந்த 0.02க்காகத்தான் என் மூத்தவனோடு ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தேன். அதற்குப் பதிலாகச் செய்திருக்க வேண்டியது: இப்படிப்பட்ட பாடங்களைச் சராசரியில் சேர்க்காமல் தேர்ச்சி மட்டும் பதிவு செய்ய வழி உண்டா என்று கவுன்சலரிடம் கேட்டிருக்கலாம். இல்லையென்றால் ஸ்கூல் போர்டு கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கலாம். ஏபி வகுப்பு ஒன்றைக் குறைத்தால் நாற்பது பேர் திரண்டு போகிறோம், கடைசல் இயந்திரத்தை விற்று அந்த அறையைப் பூட்டினால் ஒருவரும் போவதில்லை. ஏப்ரல் கூட்டத்துக்கு நான் போகிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், என் வண்டியில் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது.

சின்னவள் இந்த வருஷம் டிராஃப்டிங் எடுத்திருக்கிறாள், அந்தக் கால மெக்கானிக்கல் டிராயிங்கின் இன்றைய வடிவம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள், ஆனால் முதல் மாதம் மட்டும் டி-ஸ்கொயர் என்ற வரைகோலும் பென்சிலும். போன வாரம் ஒரு பெட்டியை முன்பக்கம், மேல்பக்கம், பக்கவாட்டு என்று மூன்று பார்வையில் வரைந்து எடுத்து வந்தாள். எதிர்வீட்டு அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேசையில் இடம் ஒதுக்கி, தனக்கும் ஒரு தாள் கொண்டுவரச் சொன்னார்.

அன்புடன்,
ஒஹையோவிலிருந்து ஒரு தகப்பன்