குந்துமணி மாலையை முதலில் கழற்று கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவை அப்பாதான் பெரிசு பண்ணிப் பார்த்தார். பாப்பா கையில் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவது உன் கழுத்தில் கிடக்கிற குந்துமணி மாலை. போனில் சொன்னேன், நீ ஆபீஸ் அவசரத்தில் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிட்டாய், எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குந்துமணிக்குள் அப்ரின் என்று ஒரு விஷம் இருக்கிறது, அதற்கு முறிமருந்து கிடையாது. முழு விதையை விழுங்கினால் அந்தக் கெட்டித் தோல் கரையாமல் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும், ஆனால் மாலைக்காக ஊசியால் துளைத்த விதைக்கு அந்தக் காவல் இல்லை. வாயில் போட்டிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு, நன்றாகத்தானே விளையாடுகிறாள் என்று காத்திருக்காதே, அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகும். எங்கள் பாட்டி காலத்தில் பொன் நிறுத்த மணி, அந்த ஆசையில்தான் உனக்குக் கோத்துக் கொடுத்தேன். குழந்தை வரப்போகிற வீடு என்று யோசிக்காதது என் தப்புதான்.

மற்ற மாலைகளும் பாப்பாவைத் தூக்கும்போது வேண்டாம், அறுந்தால் எந்த மணியும் தொண்டையில் அடைக்கும். அதற்காகப் பெட்டியில் போட்டுப் பூட்டியும் வைக்காதே. போன ஐப்பசியில் இங்கே கோத்தகிரியில் பத்து நாள் மழையும் மூட்டமும் விடவே இல்லை, நான் புத்திசாலித்தனம் என்று நினைத்து எல்லாவற்றையும் பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கி மூடி வைத்தேன். திறந்தால் ருத்ராட்சத்தின் பள்ளமெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். உள்ளே மாட்டிய ஈரம் எங்கே போகும்? வாசலில் வைத்துப் பழைய பல் பிரஷால் தட்டி, காலை வெயிலில் ஒரு மணி நேரம் காட்டி, அப்புறம் நிழலில் இரண்டு நாள் உலர்த்தி எடுத்தேன். நீ சின்னப் பிள்ளையில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ருத்ராட்ச மரத்தைப் பார்த்து, அந்த நீலப் பழத்துக்குள்ளா இந்தக் கொட்டை என்று கேட்டது ஞாபகம் வந்தது.

உனக்குச் சென்னையில் பூஞ்சணத்தைவிட வேர்வைதான் பிரச்சினை. உப்பு ஏறினால் பருத்தி நூல் இற்றுப்போகும். கழற்றியதும் ஈரத் துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து, காடாத் துணிப் பையில் போட்டு வை. சென்ட் அடித்துக் காய்ந்த பிறகு மாலையைப் போடு. ருத்ராட்சத்துக்கும் மர வளையலுக்கும் விரல் நுனியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய், இரண்டு மாசத்துக்கு ஒரு முறை போதும், அதிகமானால் தூசி ஒட்டும். சோழித் தோட்டைக் கொலுசு கழுவுகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதே, சோழி சுண்ணாம்பு, புளிப்பு பட்டால் அரித்து மினுமினுப்பு போய்விடும். மூங்கில் தோட்டில் ஊசிமுனை ஓட்டையும் கீழே மாவு மாதிரித் தூளும் கண்டால் வண்டு. கவரில் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வை, எடுத்ததும் உடனே பிரிக்காதே, குளிர் விட்ட பிறகு பிரி, இல்லாவிட்டால் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நெற்பவளம் என்கிற புல் விதையில் கோத்த மாலைதான். ஓடையோரத்தில் புல்லோடு புல்லாக நிற்கும், காம்பை உருவினால் நடுவில் துளை தானாகவே இருக்கும், ஊசி போட்டுக் குத்த வேண்டியதே இல்லை. புதுசில் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தது, நீ காலேஜுக்குத் தினமும் போட்டுப் போட்டுத்தான் அந்தப் பளபளப்பு வந்தது. நூல் நைந்திருந்தால் மே மாசம் வரும்போது எடுத்துக்கொண்டு வா, மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோத்துத் தருகிறேன், ஒரு இடத்தில் அறுந்தாலும் சிதறாது.

குந்துமணி மாலையில் 96 மணி கோத்தேன். கழற்றியதும் ஒரு தட்டில் வைத்து எண்ணு. ஒன்று குறைந்தாலும் பாய், சோபா இடுக்கு, பாப்பாவின் தொட்டில் எல்லாம் தேடு. எத்தனை மணி இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கே மெசேஜ் போடு.

அம்மா