அரங்குவீட்டு அரிசி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. புதுவீடு மூன்றாவது மாடி என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. 2015 டிசம்பரில் சென்னை முடிச்சூரில் நீயும் அத்தானும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பேத்தி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். ஆடிக்காற்றில் வாழை சாயாமல் தப்பித்தது, அதுவே பெரிய விஷயம்.

ஐப்பசி பிறப்பதற்குள் என்னென்ன வாங்கி வைக்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பத்து நிமிஷத்தில் எல்லாம் வாசலுக்கு வருகிற காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று உன் மகன் கேட்கிறானாமே. மிக்ஜாம் புயல் சமயத்தில் ஒரு பால் பாக்கெட்டுக்காக நீ தெருத்தெருவாக அலைந்ததை அவனிடம் சொல். வண்டி ஓடினால்தானே வாசலுக்கு வரும்?

கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை என்று எங்கள் ஆச்சி சொல்வாள். அதை நம்பித்தான் நானும் இருந்தேன். அந்த வருஷம், 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. கோலம் போட வாசலில் இறங்க முடியவில்லை. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியிருந்தது. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு முழு வருஷத்தில் கிடைக்கிற மழையைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரையை மீறியது. ராத்திரியில் தண்ணீர் நடையைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. கரண்டும் இல்லை, போனும் இல்லை.

சாமான் வைக்கிற எங்கள் அரங்குவீட்டில் இரண்டு மூடை புழுங்கலரிசி இருந்தது. தரையில் பலகை போட்டுத்தான் அடுக்கியிருந்தேன். பலகை தரையின் ஈரத்துக்குத்தான் ஆகும், வெள்ளத்துக்கு ஆகாது. மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பினபோது அரிசி ஊறிப் புளித்து நாறியது. அதை அள்ளிக் கொட்டும்போது நான் அழுதுவிட்டேன் கோமதி. வெள்ளாமை வீட்டில் பிறந்தவளுக்கு அரிசியைக் குப்பையில் கொட்டுவது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

எங்களைக் காப்பாற்றியது பரணில் இருந்த இரண்டு தகர டின். ஒன்றில் அவலும் பொரிகடலையும், இன்னொன்றில் ஐந்து கிலோ அரிசியும் வறுத்த அரிசிமாவும். பக்கத்திலேயே ஓர் ஓலைக்கொட்டான் கருப்பட்டி. எதிர்வீட்டு மாடியில் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம், அதில் எட்டு மாசக் குழந்தை ஒன்று. அந்த வீட்டு கேஸ் அடுப்பு ஒரு நாள் எரிந்து தீர்ந்துவிட்டது. அப்புறம் அவலை ஊறவைத்துக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுச் சாப்பிட்டோம். குழந்தைக்கு மட்டும் ஓர் உடைந்த நாற்காலியை எரித்து அரிசிமாவில் கஞ்சி காய்ச்சினோம்.

அதே ராத்திரிதான் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. சுமார் 800 பேர். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போட்டது பிறகு. அதற்கு முன்னால் பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் அரிசி பருப்பைத் திரட்டிச் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். அவர்கள் ஊரைச் சுற்றியும் தண்ணீர்தான். எந்தக் கடைக்குப் போய் வாங்க முடியும்? வீட்டில் இருந்ததுதான். வாங்கி வைப்பது பதுக்கல் ஆகாதா என்று நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இந்த ஊர்தான்.

பதுக்கல் எது தெரியுமா? புயல் எச்சரிக்கை வந்த அன்று கடையில் போய் மூடை மூடையாகத் தூக்கிக்கொண்டு வருவது. அன்று நாம் ஐந்து கிலோ கூடுதலாக எடுத்தால், அன்றாடம் கூலி வாங்கிச் சாமான் வாங்குகிறவளுக்கு அந்த ஐந்து கிலோ இல்லாமல் போகும். நம் அம்மைமார் சித்திரை வைகாசியில், புதுச் சாமான் வந்து விலை இறங்கி இருக்கும்போது வருஷத்துக்கு வாங்கினார்கள். புளி, மிளகாய், மல்லி, துவரை எல்லாம் வெயிலில் காய்ந்து பானைக்குப் போகும். அப்படி வாங்குவதால் யாருக்கும் தட்டுப்பாடு வராது. நீ இந்த வருஷம் கொஞ்சம் பிந்திவிட்டாய். பரவாயில்லை, மாசச் சாமானோடு ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கிக்கொண்டே வா, ஐப்பசிக்குள் சேர்ந்துவிடும்.

கணக்கு இதுதான். உங்கள் வீட்டில் நாலு பேர், இரண்டு வாரத்துக்கு 20 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு, 2 லிட்டர் எண்ணெய் போதும். உப்பும் புளியும் எப்போதும் ஒரு பங்கு கூட இருக்கட்டும். இதோடு அடுப்பு இல்லாமல் சாப்பிடுகிற சாமான் கட்டாயம் வேண்டும். அவல், பொரிகடலை, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், ஒரு டின் பால்பவுடர். நிறைய பேர் அரிசியை அடுக்கி வைத்துவிட்டு, அதைப் பொங்க வழி இல்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டர் நிரம்பி இருக்கிறதா என்று புரட்டாசியிலேயே பார்த்துக்கொள்.

உன் வீட்டில் அரிசி நனையாது. உனக்குக் கஷ்டம் தண்ணீரில்தான் வரும். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. கீழே சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டால், கரண்ட் வந்தாலும் அந்தத் தண்ணீர் வாய்க்கு ஆகாது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர் என்று வைத்தால், நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு 20 லிட்டர் கேன் ஐந்து. மழை எச்சரிக்கை வந்த உடனே வீட்டிலுள்ள குடம், அண்டா, குக்கர், எல்லாவற்றிலும் பிடித்து வை. இதை உன் மகனிடமே ஒப்படைத்துவிடு, கேன் தூக்க அவனுக்குத் தெம்பு இருக்கிறது.

வண்டுதான் உன் பெரிய கவலை என்று எழுதியிருந்தாய். அரிசி வண்டு வெளியே இருந்து மட்டும் வருவதில்லை. அது அரிசிக்குள்ளேயே துளைபோட்டு முட்டை வைத்திருக்கும். கடையிலிருந்து வரும்போதே சில சமயம் உள்ளே இருக்கும், ஈரமும் உஷ்ணமும் சேர்ந்தால் வெளியே வரும். அதனால் பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டாதே. டின்னைக் காலி செய்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, அப்புறம் நிரப்பு. அரிசியைக் கடும் வெயிலில் போட்டால் நொறுங்கிப்போகும், நிழலில் உலர்த்திச் சொளகில் புடைத்துப் போடு. பருப்பை வெயிலில் போடலாம். ஆனால் சூட்டோடு மூடாதே, உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நன்றாக ஆறவிடு.

எங்கள் அம்மை துவரம்பருப்பில் விளக்கெண்ணெய் தடவித்தான் வைப்பாள். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், கையால் பிசிறிவிட்டால் போதும். அந்த வழுவழுப்பில் வண்டு முட்டை ஒட்டாது என்பாள். வேகவைக்கும் முன் வெந்நீரில் ஒரு தடவை கழுவினால் வாடை போய்விடும். அரிசியில் நிழலில் காய்ந்த வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து போடுகிறேன். போரிக் பவுடர் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, அது வயிற்றுக்குள் போகிற சாமானில் வேண்டாம். ரவையை வாங்கினவுடன் நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்துவிடு, உள்ளே முட்டை இருந்தாலும் செத்துவிடும்.

மாவாக எதையும் அதிகம் வாங்காதே. கம்புமாவு பத்து நாளிலேயே கசந்துவிடும், கம்பாகவே வாங்கினால் மாசக்கணக்கில் இருக்கும். கைக்குத்தல் அரிசியும் அப்படித்தான், தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்குவாடை வந்துவிடும். நல்லதுதான், ஆனால் அதை அன்றாடச் சமையலுக்கு வை. சேர்த்து வைக்கப் புழுங்கலரிசிதான் சரி.

பெரிய டிரம் ஒன்று வாங்குவதைவிட ஐந்து கிலோ பிடிக்கிற டப்பா நாலு வாங்கு. ஒன்றில் வண்டு விழுந்தால் மற்ற மூன்றும் தப்பும். அவசரத்துக்கு நாமே தூக்கவும் முடியும். அந்த ராத்திரி இருட்டில் 75 கிலோ மூடையை அசைக்கக்கூட எங்களால் முடியவில்லை, ஆனால் டின்னை இவர் தலையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தார். டப்பாவின் மேல் வாங்கின மாசத்தை எழுதி ஒட்டு. முதலில் வாங்கினது முதலில் உலைக்குப் போகட்டும். சேர்த்து வைத்ததைத் தொடாமல் பூட்டி வைத்தால் எடுக்கும்போது தூசிதான் இருக்கும். தைப்பொங்கல் கழிந்ததும் மழைக்கென்று வைத்ததை எல்லாம் சமைத்துத் தீர்த்துவிடு.

அத்தானுக்கு பிரஷர் மாத்திரை எப்போதும் ஒரு மாசத்துக்கு இருக்கட்டும். டார்ச், தீப்பெட்டி எல்லாம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உங்கள் மாடியில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்? கைக்குழந்தை உண்டா, படுக்கையில் இருக்கிற பெரியவர்கள் உண்டா? இப்போதே பேசிப் பழகி வை, ஏட்டி. முடிந்தால் அவர்களுக்கும் சேர்த்து இரண்டு கிலோ அவல் வாங்கி வை.

எங்கள் அரங்குவீட்டில் இப்போது நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கடப்பாக்கல் தட்டு பதித்திருக்கிறோம். அரிசி எல்லாம் அதன் மேல்தான். அதற்கு மேலே பரணில் பழைய தகர டின் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஒன்று துருப்பிடித்துவிட்டது, தூக்கிப்போட மனசு வரவில்லை. பேத்தி அதில் ஏறி உட்கார்ந்து "இதுதானே ஆச்சி வெள்ளத்து டின்" என்று கேட்கிறாள்.

அடுத்த வாரம் என் தம்பி மகன் மெட்ராஸ் வருகிறான். அவனிடம் உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோவும், வீட்டில் இடித்த வறுத்த அரிசிமாவும் கொடுத்துவிடுகிறேன். கருப்பட்டியை ஓலைக்கொட்டானிலேயே விட்டுவிடாதே, மழைக்காற்றுப் பட்டால் கசிந்து ஒழுகும். வந்த அன்றே இறுக்கமான டப்பாவுக்கு மாற்றிவிடு. கிடைத்ததும் ஒரு போன் போடு.

உன்
பகவதி