வைட் லென்ஸ்னா கிட்ட போகணும் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல போட்டோ எடுக்கறது பத்தின பக்கத்துல, வைட் ஆங்கிள் லென்ஸ்னா பெரிய இடத்த ஒரே ஃப்ரேம்ல அடக்கறதுக்குன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. ஆறு மாசம் முன்னாடி வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன், அதான் இந்த லெட்டர்.

எனக்கு பாரிஸ் கார்னர்ல, ஆண்டர்சன் தெரு பேப்பர் கடைல வேலை. கடை தொறக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து அங்க இருக்கற சந்தெல்லாம் கேமராவோட சுத்துவேன். கேமரா வாங்கும்போது கூட குடுத்த 18-55 மி.மீ. லென்ஸ்தான் இருந்துச்சு, எதிர் கடை ஷட்டர்ல முதுக ஒட்டிக்கிட்டு நின்னாலும் மாடி வந்தா வாசப்படி வராது, வாசப்படி வந்தா மாடி வராது. ஃப்ரண்டு ஒருத்தன் அவனோட 10-18 வைட் லென்ஸ குடுத்தான், இந்த நம்பர் கொறைய கொறைய அகலமா தெரியும். 18ல சுமார் 74 டிகிரி தெரியற எடத்துல 10ல 107 டிகிரி தெரியுது, மொத நாள் தலைகால் புரியல.

ஆனா படம்லாம் குப்பை. ஆர்மீனியன் தெருவுல (நம்மாளுங்க வாய்ல அது அரண்மனைக்காரன் தெரு) நின்னு ஹைகோர்ட் டவர எடுத்தேன், 1894ல இருந்து 1977 வரைக்கும் கப்பலுக்கு லைட் காட்டின டவர் சார் அது, என் படத்துல தீக்குச்சி சைஸ்ல நிக்குது, பாதி ரோடு, பாதி வெறும் வானம்.

அடுத்த வாரம் சும்மா ஒரு மீன்பாடி வண்டி பக்கத்துல குந்தி, ஹேண்டில்பாருக்கு ரெண்டடில லென்ஸ வச்சு எஃப் 8ல (லென்ஸ் ஓட்டைய சின்னதாக்கி கிட்ட, தூரம் ரெண்டும் ஷார்ப்பா வர வைக்கற செட்டிங்) ஒண்ணு அடிச்சேன். ஹேண்டில்ல சுத்தியிருந்த பழைய ட்யூப், அதுல கட்டின காஞ்ச எலுமிச்சம்பழம், துருப்பிடிச்ச பெல்லு எல்லாம் முன்னாடி பெருசா, அதுக்குப் பின்னாடி தெரு பெருக்கற அம்மா, கரண்ட் ஒயரு, கடைசில அதே தீக்குச்சி டவர், அத்தனையும் ஷார்ப்பா இருக்கு. வண்டிக்காரர் ஃபைன் போட வந்த ஆளோன்னு ஓடி வந்தாரு, ஸ்க்ரீன்ல காட்டினதும் "இன்னா நைனா, ஹேண்டிலு இம்மாம் பெருசா கீது"ன்னு சிரிச்சாரு. அன்னைக்குத்தான் புரிஞ்சுது, இந்த லென்ஸ்க்கு பக்கத்துல நிக்கறவன்தான் ராஜா, தூரத்துல இருக்கறது எவ்ளோ ஒசரமா இருந்தாலும் எடுபடாது.

இன்னொண்ணு, உங்க பேப்பர்ல ரிப்பன் பில்டிங் படம் வந்தா டவர் பின்பக்கமா சாஞ்சு விழற மாதிரியே இருக்கு. கேமராவ மேல தூக்கினா அப்படித்தான் ஆகும், நேரா லெவலா புடிச்சா செவுரு நேரா நிக்கும், கீழ காலியா வர்ற தரைய வெட்டிக்கலாம், இல்ல மழை நாள்ல போனா அந்த எடத்துல தண்ணி தேங்கியிருக்கும், அது இன்னும் ஜோரு. அப்புறம் ஆளுங்கள ஓரத்துல நிக்க வைக்காதீங்க. ஆயுத பூஜைக்கு கடைல எடுத்த குரூப் போட்டோல ஓரத்துல நின்ன எங்க முதலாளிக்கு ரெண்டாள் அகலம் வந்துடுச்சு, ஒரு வாரம் எங்கிட்ட பேசல.

அடுத்த தடவ அந்த பக்கத்துல "அடக்கறதுக்கு"ன்னு போடாம "கிட்ட போறதுக்கு"ன்னு போடுங்க சார். லென்ஸ ஃப்ரண்டு திருப்பிக் கேக்கறான், போனஸ் வரட்டும்டான்னு இழுத்தடிச்சிட்டிருக்கேன்.

இப்படிக்கு,
பேப்பர் கடை ஊழியர்,
சென்னை-1