பரணில் கிடக்கும் பீங்கான் செட்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரியவர்கள் மறைந்தபின் வீட்டுப் பொருள்களைப் பங்கிடும்போது, எவரும் கேட்டு வாங்காமலும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லாமலும் கடைசிவரை எஞ்சி நிற்பது பெரும்பாலும் பீங்கான் செட்தான். யாரோ ஒருவர் கடமைக்காக எடுத்துச் சென்று, பழைய தாளில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுகிறார். அடுத்த தலைமுறையிலும் அதே பெட்டி அதே தயக்கத்தோடு கைமாறுகிறது.

செட் என்றால் சிதறக் கூடாது என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். பன்னிரண்டு பேருக்கான தட்டுகளையும் கோப்பைகளையும் வைக்க ஒரே வீட்டில் இடம் தேடுவதைவிட, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆளுக்கு இரண்டு கோப்பை, சாசர் என்று பிரித்தெடுத்து அன்றாடம் அவற்றில் தேநீர் அருந்துவது, ஆசையாக அவற்றை வாங்கியவருக்குச் செய்யும் மேலான மரியாதை. இங்கிலாந்தில் பீங்கான் செய்துவந்த ஸ்போட் குடும்பத்தார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செம்மைப்படுத்திய ‘போன் சைனா’ என்ற பீங்கான் வகையின் கலவையில் ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பல். அதனால்தான் அது அத்தனை மெல்லியதாக இருந்தும் உறுதியாக இருக்கிறது. அத்தகைய கோப்பையை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்; பின்னால் இருக்கும் விரல்களின் நிழல் அதன் வழியே தெரியும். அந்த அழகை யாரும் பார்க்காமல் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஆயினும், உணவு பரிமாறுமுன் ஒன்றைக் கவனித்தாக வேண்டும். பழைய பீங்கானின் மெருகிலும் அதன் மேல் தீட்டிய வண்ணங்களிலும் நச்சு உலோகங்களான ஈயமும் காட்மியமும் இருக்கக்கூடும். புளிப்பான உணவும் சூடான பானமும் அவற்றைக் கரைத்து வெளியே கொண்டுவரும். உணவு படும் இடத்தில் பூ வேலைப்பாடு மங்கியிருந்தாலோ, மெருகில் மயிரிழை விரிசல்கள் ஓடிப் பழுப்பேறியிருந்தாலோ, ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்காமல் அவற்றில் உண்ண வேண்டாம். குழந்தைகளுக்கு நிச்சயம் கொடுக்க வேண்டாம். பொன் விளிம்பு உள்ளவற்றை மைக்ரோவேவில் வைத்தால் பொறி பறக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டால் பொன் தேய்ந்துபோகும்.

விற்பதில் தவறொன்றும் இல்லை. முதலில் தட்டைக் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரையைப் பார்க்க வேண்டும்; அது எங்கே, எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று ஊகிக்க அது உதவும். ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டவற்றில் நாட்டின் பெயர் பரவலாக இடம்பெறத் தொடங்கியது, 1891 முதல் அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய பிறகுதான். ஜப்பானியப் பொருள்களில் அந்நாட்டின் சொந்தப் பெயரான ‘நிப்பான்’ என்று இருந்தது 1921க்குப் பின் ‘ஜப்பான்’ என்று மாறியது. குறுக்கு வாள் சின்னம் ஜெர்மனியின் மைசென் பீங்கான் ஆலைக்கு உரியது என்றாலும் அதைப் போலியாகப் பொறித்தவர்கள் பலர், ஆதலால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுவது நல்லது. விருந்துகளுக்கு முழு செட் எடுத்து வைக்கும் பழக்கம் குறைந்துவிட்டதால், சாதாரண செட்டுகளுக்கு எதிர்பார்க்கும் விலை கிடைப்பது அரிது. தனிக் கோப்பைகளுக்கும் மூடியுள்ள கிண்ணங்களுக்கும், தங்கள் செட்டில் உடைந்தவற்றுக்கு ஈடு தேடுவோர் இருக்கிறார்கள்.

பெரியவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. யாருக்கு எது வேண்டும் என்று நீங்கள் இருக்கும்போதே பிள்ளைகளைக் கேளுங்கள். வேண்டாம் என்பவரிடம் மனத்தாங்கல் கொள்ளாதீர்கள். அந்த செட் எப்போது, யார் வழியாக வந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், பின்னால் அதை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்று முடிவெடுப்பவருக்குப் பெரிதும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்