உதவிக் குழு உறுப்பினர்கள் கவனத்துக்கு

வன்முறையிலிருந்து தப்பி வருபவரை மருத்துவமனை, காவல் நிலையம், வக்கீல், தங்குமிடம் என்று தனியாக அலைய விடாதீர்கள். ஒருவரே பொறுப்பேற்று உடன் செல்லுங்கள். நடந்ததை அவர் ஒவ்வொரு மேசையிலும் திரும்பத் திரும்பச் சொல்லும்படி ஆகக் கூடாது. பாலியல் வன்முறை என்றால் மருத்துவம்தான் முதலில். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடைக்கு 5 நாள் வரம்பு. இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கையில் காசில்லாமல்தான் பலர் அதே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். தையல் வகுப்பில் சேர்த்துவிட்டால் போதாது (தையல்மேல் நமக்கு என்ன அப்படியொரு காதலோ!). அவர் பெயரில் வங்கிக் கணக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், இவையும் வேண்டும். வங்கிக் குறுஞ்செய்தி கணவரின் எண்ணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர், படம், முகவரி எதையும் இங்கே பதிவிட வேண்டாம்.