கண்டாங்கியில் ஒரு கவுன்

அன்புள்ள உமையா,

நலம்தானே? உங்கள் ஊரில் விடாமல் மழை என்று சொன்னாய், இங்கே காரைக்குடியில் மேகம் கூடுவதோடு சரி. ஆத்தாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. போனில் ஆரம்பித்தால் நீயும் நானும் வேறு எங்கேயோ போய்விடுவோம், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணன் மகள் வள்ளி மிஸ் இந்தியா போட்டிக்கு விண்ணப்பம் போடப் போகிறாள். ஒரு மாதமாக வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் நடந்து பழகுகிறாள். ஆத்தங்குடித் தரைக் கல் தேய்ந்து தேய்ந்து எப்படி வழுக்கும் என்று உனக்குத் தெரியும், அதில் ஹீல்ஸ் போட்டுக்கொண்டு! முதல் நாள் தூணைப் பிடித்தபடி நின்றாள், அடுத்த வாரம் தூணுக்குத் தூண் நடந்தாள், இப்போது தலை நிமிர்ந்து முகப்பு வரைக்கும் வந்து திரும்புகிறாள். திரும்புகிற இடத்தில் மட்டும் இடது கால் கொஞ்சம் தயங்குகிறது. ஆத்தா பட்டாலையில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு, "எடது காலு, எடது காலு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

வள்ளியின் அம்மா, அண்ணமிண்டிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அழுகை. வள்ளி வாய்பேசாமல் போனை எடுத்து அனுகிரீத்தி வாஸ் படத்தைக் காட்டினாள். திருச்சிப் பெண், அம்மா தனியாளாக வளர்த்த பிள்ளை, சென்னை லயோலாவில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தபோது 2018-இல் மிஸ் இந்தியா ஆனவள். "திருச்சி எவ்வளவு தூரம்மா, பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம்" என்றாள். அண்ணமிண்டி அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கும் இந்த மேடைக்கும் ஆகாது என்றா நினைப்பது? 1952-இல் மிஸ் யுனிவர்ஸ் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போன இந்திராணி ரஹ்மான் சென்னையில் பிறந்தவர், பரதநாட்டியம் ஆடுகிறவர், அப்போதே கல்யாணமாகி ஒரு குழந்தைக்கு அம்மா. அப்புறம் கல்யாணமானவர்களுக்கு அந்த மேடையில் இடமில்லை என்று எத்தனையோ வருஷம் கதவை மூடி வைத்திருந்தார்கள். 2023-இல்தான் திரும்பத் திறந்தார்கள், அடுத்த வருஷம் வயது வரம்பையும் எடுத்துவிட்டார்கள். நீச்சலுடைச் சுற்று எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. 1996-இல் பெங்களூரில் மிஸ் வேர்ல்டு நடந்தபோது எவ்வளவு எதிர்ப்பு! அந்தச் சுற்றை மட்டும் சீஷெல்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் நடத்தினார்கள். இப்போது மிஸ் வேர்ல்டில் அது இல்லவே இல்லை, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆனால் மனசு எரிந்த விஷயம் வேறு. சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு வள்ளியைக் கூட்டிக்கொண்டு போனேன். நடையைப் பார்க்கவில்லை, அவள் பேச்சை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிறத்துக்கு முதலில் ஏதாவது செய்துவிட்டு வாருங்கள் என்றார்கள். பிள்ளை பஸ்ஸில் புதுக்கோட்டை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் நிறம் எங்கள் அப்பச்சியின் நிறம், உமையா. என்ன செய்யச் சொல்கிறார்கள் அதை? அன்றைக்கு ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன், அந்த இடத்துக்கு இனிமேல் போவதில்லை, துணி நான் தைக்கிறேன், பேச வீட்டிலேயே பழகட்டும் என்று.

நான் தைக்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு சுஷ்மிதா சென் ஞாபகம்தான். 1994-இல் அவள் மிஸ் இந்தியா ஆனபோது, அவள் படம் போட்ட பத்திரிகைக்கு நாம் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? நீ ஐஸ்வர்யா ராய் கட்சி. அந்தக் கவுன் கதையை அவளே பின்னால் சொல்லியிருக்கிறாள். கையில் பணமில்லை, டில்லி சரோஜினி நகர் சந்தையில் துணி எடுத்து, பாவாடை தைக்கிற தையல்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள். மிஞ்சின துணியில் அம்மா ஒரு ரோஜாப் பூ செய்து வைத்தார். கையுறைக்கு என்ன வழி? புது கறுப்பு சாக்ஸ் வாங்கி, வெட்டி, எலாஸ்டிக் கோத்து மாட்டிக்கொண்டாள். அதைப் போட்டுக்கொண்டு ஜெயித்தாள்! இருபது வருஷமாக மிஷின் மிதிக்கிறேன், எத்தனை கல்யாணப் பிளவுஸ் தைத்திருக்கிறேன், இருந்தும் முகம் தெரியாத அந்தத் தையல்காரரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கோவாவில் நடந்த அந்த மிஸ் இந்தியா இறுதிச் சுற்றில் அவளுக்கும் ஐஸ்வர்யாவுக்கும் மதிப்பெண் சமமாக வந்து, ஆளுக்கு ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டார்கள். சுஷ்மிதாவிடம் கேட்டது நம் நாட்டு நெசவுப் பாரம்பரியம் பற்றி. அவள் காந்தியின் கதரிலிருந்து தொடங்கினாள். தறி அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தது, ஆனாலும் பதினெட்டு வயசுப் பிள்ளை தடுமாறாமல் சொன்னாள். அந்தக் கேள்வி வள்ளிக்கு வந்தால் நம் காரைக்குடிப் பருத்திச் சேலை கண்டாங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்தக் கட்டம், அகலக் கரை, 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது எல்லாம் அவளுக்கு இப்போது தலைகீழ்ப் பாடம்.

கவுனும் கண்டாங்கியிலேயே தைக்கப் போகிறேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். புதுச் சேலை எடுத்துப் பார்த்தேன், விறைப்பாக நிற்கிறது, இடுப்புக்குக் கீழே விழ மாட்டேன் என்கிறது. பழசு என்றால் துவைத்துத் துவைத்துத் தண்ணீர் மாதிரி விழும். உங்கள் ஆத்தா கட்டிக்கொண்டிருந்த கடுகு மஞ்சளில் அரக்குக் கரை போட்டது இன்னும் உன் பெட்டியில் இருக்கிறதா? கொசுவம் வைத்த இடத்தில் இற்றுப் போயிருந்தாலும் பரவாயில்லை, அதை உள்பக்கம் விட்டு வெட்டிக்கொள்வேன். முந்தி மட்டும் முழுசாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்துவிட்டு எழுது.

உன்,
தெய்வானை